பூனைக்கு ஆகாத மஞ்சள்

“மண்வெட்டியைக் கீழ வையுங்க உபதேசியாரே. மஞ்ச வெட்டறதுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதுங்க” என்று பாத்திக்குக் குறுக்கே நின்றாள் இன்னாசிமேரி.

“பூனை செத்துப்போனா உன் மஞ்சளையா கோயில்ல காவல் வெக்கிறது? தள்ளு” என்றார் தோமினிக்.

ராசிபுரம் பக்கத்திலிருந்த அந்தச் சின்னக் கோயிலில், செபம் சொல்லிக்கொடுப்பதிலிருந்து ஊரார் ஒழுக்கத்தைக் கவனிப்பது வரை எல்லாம் உபதேசியார் தோமினிக்தான். மெழுகுவத்தியைக் கடிக்கும் எலிகளுக்காக அவர் வளர்த்த பூனை, விடிந்ததிலிருந்து எச்சில் ஒழுகக் கிடந்தது. மீசையெல்லாம் மஞ்சள்.

இன்னாசிமேரியின் பாத்தி கோயில் நிலத்தில் இருந்தது. புருசன் போன பிறகு அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஊரார் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சைக்கிளில் வந்திறங்கிய சாமியாரிடம் வழக்குப் போனது.

“மஞ்சச் செடியைத் தின்னுதான் இப்பிடி ஆச்சுங்க சாமி. எல்லாத்தையும் பிடுங்கிப்போட உத்தரவு கொடுங்க. நெலத்தையும் வேற ஆளுக்கு விட்டுரலாம்.”

“மஞ்சள் விஷமா, உபதேசியாரே?”

“மனுசனுக்கு மருந்துங்க. பூனைக்கு விஷம். நேத்துப் பொழுது சாய இவ பாத்தியிலிருந்துதான் வந்துச்சு. அப்புறம் கதவைச் சாத்திட்டேன், ராத்திரி பூரா பூனை எங்க ஊட்டை விட்டு நகரலீங்க. வாயைப் பாருங்க, சாட்சி அங்கியே ஒட்டியிருக்குது.”

“மூணு வருசமா இது பாத்திக்குள்ளதானுங்க படுத்து உருளுது” என்றாள் இன்னாசிமேரி. “புல்லைக் கடிக்கிற மாதிரி எலையக் கடிக்கும். ஒரு நாளும் தும்முனதுகூட இல்லீங்க சாமி.”

“இவ பேச்சை நம்பாதீங்க. காச்சல்ல கெடந்தாலும், கறி ஆகாத வெள்ளிக்கெழமைன்னு பாக்காம கறிச்சாறு குடிச்சவன் இவ ஊட்டுக்காரன். நாந்தான் கோயில் வாசல்ல முட்டி போட வெச்சேன். அந்தக் குடும்பத்துக்கு எது விஷம், எது பாவம்னு எப்பிடித் தெரியும்?”

இன்னாசிமேரியின் பார்வை கோயில் வாசலுக்குப் போய்த் திரும்பியது. அன்றைய வெயிலைப் பற்றி அவள் புருசன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் பூனையையே பார்த்தாள். அது முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டிருந்தது. இலை தின்ற பூனை கக்கும், பிராண்டாது.

சட்டென்று அதை முந்தானையில் சுற்றி மடியில் அமுக்கி, வாயைப் பிளந்தாள்.

“கடிச்சிரும், விடு. அதை விடுன்னா” என்று தோமினிக் அவசரமாக முன்னால் வந்தார்.

“இருக்கட்டும் உபதேசியாரே” என்றார் சாமியார்.

இரண்டு விரல் உள்ளே போயிற்று. பூனை ஒருமுறை வீரிட்டது. பிறகு துள்ளிக் குதித்து, நேராக மஞ்சள் பாத்திக்குள் ஓடி, ஒரு தழையைக் கடித்து இழுத்தது.

“மஞ்சதானுங்க சாமி, அவர் சொன்னது சரிதான்” என்று கையை நீட்டினாள் இன்னாசிமேரி. “ஆனா செடியில இருந்தது இல்லீங்க. கொழம்புல வெந்தது.”

அவள் விரல்களுக்கு நடுவே, மசாலா ஒட்டிய ஒரு கோழி எலும்பு.

சாமியார் எலும்பைப் பார்த்தார். உபதேசியாரைப் பார்த்தார்.

“நேத்து வெள்ளிக்கிழமை, தோமினிக்” என்றார். “மண்வெட்டியை இந்த அம்மாகிட்டக் கொடுத்துட்டு, கோயில் வாசல்ல போய் முட்டி போடும்.”