மிதிக்கடியில் ஒரு கட்டை

கணவர் போன துக்கத்தில் வண்டிக்கும் பாதி உயிர் போய்விட்டது என்றே சௌந்தரம் மனதுக்குள் நம்பியிருந்தாள். கோஸ் மூட்டைகளோடு ஏற்றத்தில் பழைய பிக்கப் திணறும். அவள் சந்தையை எட்டும்போது ஏலம் முடிந்திருக்கும்.

மெக்கானிக் அந்தோணி ஆக்சிலேட்டர் மிதியின் பின்னால் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தான்.

"இன்ஜின் குதிரை மாதிரி இருக்குக்கா. எந்த மடையனோ மிதிக்கடியில கட்டைய வச்சுக் கம்பியால கட்டியிருக்கான். பாதிக்கு மேல அமுங்காது."

அவள் ஓட்டப் பழகிய முதல் நாள், கணவர் கம்பிச்சுருளோடு ஸ்டியரிங்குக்கடியில் குனிந்திருந்தார். "நீ பயப்படாம மிதி" என்றார். அடுத்த மாதமே போய்விட்டார். 

"கழட்டிரவா? ஏத்தத்துல பறக்கும்."

சௌந்தரம் ஏறி உட்கார்ந்து, கட்டை தடுக்கும்வரை மெல்ல மிதித்தாள். காலை எடுக்கவில்லை.

"வேண்டாம் தம்பி, இருக்கட்டும். நாளைலேருந்து கொஞ்சம் முன்னாடியே கிளம்பிக்கிறேன்."