சொடக்குப் போட்ட இடுப்பு

"வலியெல்லாம் இல்ல டாக்டர். குனிஞ்சு நிமிர்ந்தா இடுப்பு சொடக்குப் போடுது. அந்தச் சத்தத்த நிறுத்துங்க" என்றார் ஓட்டப் பயிற்சியாளர்.

"எலும்பு மேல தசைநார் நழுவுற சத்தம். ஓடுறவங்களுக்கு வர்றதுதான். வலி இல்லேன்னா விட்டுடலாம்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

பயிற்சியாளர் விடவில்லை. ஓட்டத்தைக் குறைத்தார். தொடையை நீட்டி மடக்கும் பயிற்சி, இடுப்புத் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி என்று சொன்னதையெல்லாம் தவறாமல் செய்தார். இப்படிச் சொல்பேச்சுக் கேட்கும் நோயாளியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்ததே இல்லை. சில மாதங்களில் சத்தம் நின்றது.

அடுத்த வாரமே பயிற்சியாளரின் மனைவி தனியாக வந்தாள். பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தத்தத் திரும்ப வரவைக்க முடியுமா டாக்டர்?"

"என்னம்மா சொல்றீங்க? உங்க வீட்டுக்காரர் இப்ப நல்லா ஓடுறாரே."

"ஓடுறார். ஆனா சர்க்கரை எகிறிடுச்சு."

"அதுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"பிள்ளைங்களுக்கு வாங்குற கேக்க ஃப்ரிட்ஜ் அடித்தட்டுலதான் வைப்பேன். இவர் குனிஞ்சு நிமிர்ந்தா, எந்த ரூம்ல இருந்தாலும் எனக்குக் கேட்டுடும். பூனைக்குத் தானா அமைஞ்ச மணிய அவுத்து விட்டுட்டீங்களே."