தோழர் லெய்பின் கை

செங்கொடிக் கட்சியின் ஊர்க்கிளையில் இருந்த ஒரே யூதர் தையல்காரர் லெய்ப். கூட்டத்தில் கையைத் தூக்கினார். "தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை எங்க தெருவைக் கொளுத்தப் போறாங்களாம். காவலுக்குப் பத்துப் பேர் வேணும்."

"யூத வெறுப்பு முதலாளிங்க கிளப்பிவிடுறது. புரட்சி வந்தா தானா அடங்கிடும், பொறுங்க" என்றார் தலைவர் ஸ்தெபான்.

லெய்ப் பொறுத்தார், கையை மட்டும் இறக்கவில்லை. நாலு மணி நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், தாமதமாக வந்த இரண்டு பேர் அந்தக் கையில் தொப்பியை மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

கடைசியில், தனி நாடு வேண்டுமென்று பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறும் யூதர்களைக் கண்டித்துத் தீர்மானம் வந்தது. தலைவர் கைகளை எண்ணினார், தொப்பி மாட்டியிருந்ததையும் சேர்த்து. "ஒருமனதா நிறைவேறியது! முதல்ல கை தூக்கினவர் தோழர் லெய்ப். குறிப்புல எழுதுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குத் தட்ட ஒரு கைதான் மிச்சம் இருந்தது.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. கப்பலுக்கு மூட்டை கட்டி வைத்திருந்த தங்கை ஃப்ரேய்தா கேட்டாள்: "நான் போகக் கூடாதுன்னு கை தூக்கினியாமே அண்ணா. சரி, போகலை. ஞாயிற்றுக்கிழமை காவலுக்கு எத்தனை பேர் வர்றாங்க?"

லெய்ப் ஜன்னலைச் சாத்தினார்.

"ஒரு ஆள் உறுதி" என்றார்.