நீல லைட்டுப் பெட்டி

"மூணு பக்கமும் கண்ணாடி வேணும் தம்பி. உள்ள நீல லைட்டு எரியணும்" என்றார் சகாயமேரி.

"பையன் கேம் ஆடுற கம்ப்யூட்டருக்காக்கா?" என்று கேட்டார் அம்பத்தூர் கம்ப்யூட்டர் கடைக்காரர் யூசுப்.

"அவனுக்குப் போன வருசமே இதே மாதிரி வாங்கிட்டேன். வண்டிலேர்ந்து விழுந்து கை அசையாம கெடந்தான். கேம் ஆடி ஆடித்தான் வெரலு மடங்குச்சுன்னு டாக்டரே சொன்னாரு."

"அப்போ இது யாருக்கு?"

சகாயமேரி பையிலிருந்து ஓரடி உயர மாதா சுரூபத்தை எடுத்து, யூசுப் காட்டிய காலிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நிறுத்திப் பார்த்தார். அளவாக இருந்தது.

"வேண்டிக்கினேன்பா. புள்ள கை சரியானா, அவனுக்கு வாங்குன மாதிரியே மாதாவுக்கும் ஒண்ணுன்னு."

யூசுப் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார்.

"அப்ப உள்ள இருக்குற ஃபேனைக் கழட்டிடவாக்கா?"

"ஐயோ, இருக்கட்டும்பா! அம்பத்தூரு வெயிலு அவங்களுக்கும்தானே!"