இனிப்புநீர்

மணப்பெண்ணை மேடைக்கு அழைத்துப் போனதும் அலங்கார அறை காலியாகிவிட்டது.

ஷாமினி கதவைச் சாத்தினாள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தொப்புளுக்குக் கீழே தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசிப் பேனாவை அழுத்தினாள்.

வலி பழகிவிட்டது. பழகியது அது ஒன்றுதான்.

இருபத்தேழு வயதில் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் மருத்துவர் முதலில் பேசியது பிள்ளைகளைப் பற்றி. கீமோவுக்குப் பிறகு குழந்தை பிறப்பது நிச்சயமில்லை, அதற்கு முன்பே கருமுட்டைகளை எடுத்து உறையவைத்துவிடலாம் என்றார். அவை முதிர்வதற்குத்தான் இந்த ஊசி. தினமும் அதே நேரத்தில் போட வேண்டும், கல்யாண வீடாக இருந்தாலும்.

அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அலுவலகத்தில் விடுப்பில் போன ஒருவரின் வேலையைப் பார்த்துக்கொள்வதுபோல் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டாள்.

மறைப்பதும் எளிதாகவே இருந்தது. அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தாள், அம்மா கிள்ளானில். மாலையில் அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பாள். அது பெரும்பாலும் உண்மைதான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். இது பரம்பரையாக வருகிற வகை, அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அம்மாவோடு வரச் சொன்னார். அம்மாவுக்கு மகளின் நோயே இன்னும் தெரியாது.

அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரித்து அவள் கேட்டதில்லை. அம்மாவின் அக்கா சின்ன வயதில் இறந்தது காய்ச்சலில் என்றுதான் இன்றுவரை பேச்சு.

கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகளின் வெளிச்சத்தில் தன்னை ஒருமுறை பார்த்தாள். புடவையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காலையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் அடுத்தது நீதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊசியைக் கழற்றும்போது கதவு திறந்தது. சேஃப்டி பின் தேடி வந்த புஷ்பவல்லி அத்தை, அப்பாவின் தங்கை, அப்படியே நின்றாள்.

அத்தையின் பார்வை பேனாவுக்கும் வயிற்றுக்கும் போய் வந்தது. ஷாமினி காத்திருந்தாள். தெரிந்துவிட்டால் சொல்கிற வேலை மிச்சம் என்று ஒரு கணம் தோன்றியது. அது நிம்மதியாகக்கூட இருந்தது.

“இந்த வயசுலயே இனிப்புநீரா?” என்றாள் அத்தை.

அத்தையின் கைப்பையிலேயே சர்க்கரை வியாதிக்கான இன்சுலின் பேனா ஒன்று இருந்தது. பெரியப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. அந்தக் குடும்பத்தில் ஒருவர் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

ஷாமினி இல்லை என்று சொல்லவில்லை.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எந்த இடத்தில் குத்தினால் வலிக்காது, எந்தக் கிளினிக்கில் கூட்டம் குறைவு, பாகற்காய்ச் சாற்றை எப்படி ஒரே மடக்கில் விழுங்குவது என்றெல்லாம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும்போது இதைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்றாள். பிறகு கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

“இனிமே டீ குடிச்சா தே ஓ கோசோங்தான், பாலும் கூடாது சீனியும் கூடாது. நான் இத்தன வருசமா குடிக்கிறேன், செத்தா போயிட்டேன்? கவலப்படாத லா.”

ஷாமினிக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். நோய் தெரிந்த நாளிலிருந்து யாரும் அவளைத் தொட்டு ஆறுதல் சொன்னதில்லை. யாரிடமாவது சொல்லியிருந்தால்தானே. இன்னொரு நோய்க்குச் சொன்ன ஆறுதலை அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். சொல்வேனா என்றபடி அத்தை சேஃப்டி பின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

தாலி கட்டுவதற்குள் அம்மா வந்துவிட்டாள்.

அழுதிருந்தாள். அதற்குள் முகத்தைக் கழுவியும் இருந்தாள். ஒரு கை மூடியிருந்தது, உள்ளே மேடையில் தூவுவதற்கான அட்சதை. ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசிப் பேனாவை வைத்து மகள் மடியில் வைத்திருந்த சின்ன ஐஸ் பையை மேலாகத் தொட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை.

“என்கிட்டேருந்துதான்டி உனக்கு வந்திருக்கு,” என்றாள். “என் ரத்தம். மன்னிச்சிரும்மா.”

ஷாமினி அந்த முகத்தைப் பார்த்தாள். இனிப்புநீர் என்ற நினைப்புக்கே இந்த முகம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது.

“திங்கட்கிழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம்.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“எனக்கு எதுக்குடி? எனக்கு இருக்கிறதுதான் ஊருக்கே தெரியுமே.”

வெளியே நாதஸ்வரம் வேகமெடுத்தது. அம்மா தன் அட்சதையில் பாதியை மகளின் உள்ளங்கையில் கொட்டி, தாலி கட்டப் போகிறார்கள், வா என்று எழுந்தாள்.

ஷாமினி எழவில்லை.

“அதுக்கு இல்லம்மா,” என்றாள்.