ஈரமான ஊறுகாய் ஜாடி

மக்காத குப்பையைக் கப்பலில் ஏற்றி, பூமியின் மேலோட்டில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் கடல்பள்ளத்தில் கொட்டத் தொடங்கிய பிறகு, வீடு வீடாகக் குப்பை வாங்கும் அஞ்சுகத்தின் வேலை குப்பையைத் தொட்டுப் பார்ப்பதாகிவிட்டது. ஈரமிருந்தால் வாங்கக் கூடாது. தட்டோடு உள்ளே போகும் தண்ணீர்தான் ஆழத்துச் சூட்டுப் பாறையை உருக்கி எரிமலையாகக் கிளப்புகிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் அறவாழி நீட்டிய ஊறுகாய் ஜாடிக்குள் அவள் விரலை விட்டாள்.

“ஈரமா இருக்கு சார். துடைச்சுக் குடுங்க.”

“ஏம்மா, முப்பது வருஷம் இதைத்தான் பாடம் நடத்தினேன். அந்தத் தட்டு ஒரு கடலையே உறிஞ்சிக்கிட்டுப் போகுது. என் வீட்டு ஒரு ஸ்பூன் தண்ணியிலயா எரிமலை வரப்போகுது? வந்தாலும் பல லட்சம் வருஷம் ஆகும்!”

“இந்தத் தெருவுல நாப்பது வீடு சார். நாப்பது வீட்லயும் ஒரு ஸ்பூன்தான்னு சொல்றாங்க.”

அறவாழி ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை உருவி, ஜாடியைத் தேய் தேய் என்று தேய்த்துக் கொடுத்தார். அஞ்சுகம் வண்டியைத் தள்ளியதும் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

“எதிர்வீட்டு ஜாடியில அடிவரைக்கும் விரலை விட்டுப் பாரும்மா,” என்றார் ரகசியமாக. “அந்த ஆளுக்குப் பொறுப்பே கிடையாது. நாளைக்கே எரிமலை வெடிச்சா யாரு பதில் சொல்றது?”