மூன்று மாத டைஃபாய்டு

இப்போதெல்லாம் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் மூளை டம்ப்பும் கேட்கிறார்கள். தலையில் வயரை ஒட்டி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று கமாண்ட் அடித்தால், அத்தனை நினைவும் பென் டிரைவில் வந்துவிடும். எங்கள் தெருமுனையில் டம்ப் எடுக்கும் கடைக்காரன் கெட்டிக்காரன். அம்மா சொன்னபடி இரண்டு துண்டாக எழுதி ஒட்டி, நடுவில் மூன்று மாதத்தை விட்டுவிட்டான்.

பெண் பார்க்கப் போனோம். கேசரிக்கு முன்னால் லேப்டாப் வந்தது. பெண் பெயர் இசைவாணி. டம்ப் ஃபைல்களில் பிழை தேடுவதுதான் அவளுக்கு வேலையாம். என் பள்ளிக்கூடம், கல்லூரி எதையும் அவள் சீண்டவில்லை. ஓரத்தில் ஓடும் நினைவுகளின் வரிசை எண்களை மட்டும் பார்த்தாள்.

"இங்க நம்பர் குதிக்குதே. மூணு மாசத்தைக் காணோம்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா முந்திக்கொண்டாள். "அப்போ இவனுக்கு டைஃபாய்டும்மா. ஒண்ணுமே ஞாபகமில்ல."

இசைவாணி என் பக்கம் திரும்பினாள். "டைஃபாய்டு பேர் என்னங்க?"

"சுபாங்கி" என்றது என் பாழாய்ப்போன வாய்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க அத்தை" என்றாள் இசைவாணி. "எனக்கு ஆறு மாசம் மஞ்சள் காமாலை. பேரு ஜெரால்டு."